எண்ணாமல் எழுதிய எண்

முதற் கட்டிலில் முனகிக் கிடக்கும் முதியவருக்கு 18. மூன்றாம் கட்டிலில், நாளை வீடு திரும்பப் போகும் மகிழ்ச்சியில் நகைத்துப் பேசும் இளைஞனுக்கு 18. ஏழாம் கட்டிலில், தலையணை இரண்டை அடுக்கிச் சாய்ந்து, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கும் அம்மையாருக்கும் அதே 18! காலையிலே 18, மாலையிலே 18, நள்ளிரவிலும் 18. இயற்கைக்கு இத்தனை ஒழுங்கு எங்கிருந்து வந்தது? இயற்கைக்கு வரவில்லை, தோழர்களே; எழுதியவரின் பேனாவுக்கு வந்தது.

செவிலியர் பயிற்சியில் சேர்ந்த முதலாண்டு விடுமுறைக்கு வந்த நம் தங்கை சொன்ன செய்தி இது. அவள் பணியாற்றிய வார்டிலே வெப்பம் பார்ப்பார்கள், நாடி பார்ப்பார்கள், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மூச்சை மட்டும் பார்ப்பதில்லை, எழுதுவதோடு சரி. "மூச்சு எத்தனை என்று எப்படி அக்கா தெரியும்?" என்று மூத்த மாணவியைக் கேட்டாளாம். "18 போடு, யாரும் கேட்கமாட்டார்கள்" என்று விடை வந்ததாம். கேட்டதும் சிரித்தோம். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. விடைத்தாள் மலையெனக் குவிந்த ஓர் இரவில், நான்காம் பக்கத்துக்குமேல் படிக்காமல், கையெழுத்தின் அழகைப் பார்த்தே மதிப்பெண் இட்டவர்தாமே நாமும்!

ஆனால் அந்தக் கட்டத்திலே எழுதும் எண் வெறும் எண்ணன்று. ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். நுரையீரலில் நிமோனியா பற்றினாலும், கிருமியின் நச்சு இரத்தத்தில் பரவினாலும், இதயம் தளர்ந்தாலும், மற்ற குறிகள் மாறுமுன்னே பலபோது மூச்சு விரைகிறது. பிரிட்டனின் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வகுத்து, 2017இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பீட்டு முறையிலே, 12 முதல் 20 வரை சுழி. 21 முதல் 24 வரை 2. 25ஐத் தொட்டால் 3. ஏதேனும் ஒரே அளவில் 3 வந்தாலே நோயாளியை உடனே பார்க்க வேண்டும் என்பது விதி. ஏழாம் கட்டில் அம்மையாரின் மூச்சை எண்ணியிருந்தால் என்ன வந்திருக்கும்? மூன்றாம் நாள் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். முன்னரே எண்ணியிருந்தால் தடுத்திருக்கலாமா? சொல்லமுடியாது. சொல்லமுடியாதபடி செய்தது அந்த 18தான்.

சரி, எண்ணுவது எப்படி? இங்கேதான் தங்கை நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தாள். "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால், நோயாளியின் மூச்சு மாறிவிடும். தன்னைக் கவனிக்கிறார்கள் என்று அறிந்த மூச்சு தன் இயல்பில் ஓடாது. ஆகவே, நாடி பார்த்து முடித்த பின்னும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மார்பின் ஏற்ற இறக்கத்துக்கு மாற்றி, முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். "இதுவும் பொய்தானே அண்ணா? நாடி பார்ப்பதுபோல் நடிக்கிறோமே!" என்றாள்.

நல்ல கேள்வி. இதற்கு விடையை அவளுடைய பாடக்குறிப்பிலேயே கண்டோம். மார்பைச் சோதிக்கையில் வரிசை இது: பார், தொடு, தட்டு, கேள். வயிற்றுக்கு வந்தால் வரிசை மாறுகிறது: பார், கேள், பிறகே தட்டு, இறுதியாகத் தொடு. ஏன்? முதலில் அழுத்தினால் குடல் கிளர்ந்து, அதன் ஒலி மாறிவிடக்கூடும். மாறியபின் கேட்பது நோயாளியின் ஒலியன்று, நம் கை எழுப்பிய ஒலி. அறிய வந்ததை நம் செயலாலேயே கெடுத்துவிடக் கூடாது என்ற அடக்கம் அந்த வரிசையில் இருக்கிறது. மணிக்கட்டைப் பிடித்திருப்பதும் அதே அடக்கந்தான். நோயாளிக்கு உரிய உண்மையை அவருக்காகவே கலங்காமல் எடுக்கிறோம். எண்ணி முடித்தபின் அவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லலாம். 18 என்று எழுதியவரோ அவருடைய உண்மையை அவரிடமிருந்தே திருடுகிறார். பின்னர் அவர் கேட்டால் என்ன சொல்வார்?

இந்தக் கலையின் வரலாற்றையும் சற்று எண்ணிப் பாருங்கள். விடுதிக்காரர் ஒருவரின் மகனான அவுன்புருகர், மார்பை விரலால் தட்டி, ஒலியால் உள்ளிருக்கும் நோயை அறியலாம் என்று 1761இல் வியன்னாவிலே நூல் வெளியிட்டார். கற்றறிந்தோர் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. 1808இல் கொர்விசார் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே உலகம் செவிசாய்த்தது. 1816இல் பாரிசிலே லென்னக் காகிதத்தைக் குழலாய்ச் சுருட்டி இதய ஒலி கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. ஏட்டில் இருப்பதை விட்டு எதிரில் இருப்பதைப் பார்த்தவர்கள் வளர்த்த அறிவு இது. அந்த அறிவைக் கற்கச் சென்ற இடத்திலே ஒரு புதிய வேதமா? எவரும் கண்டதில்லை, எல்லோரும் எழுதுகிறார்கள், கேட்டவளுக்கு ஏளனம்! சோதிடனின் கட்டத்தைக் கண்டு சிரிக்கும் நாம், கேஸ் ஷீட்டின் கட்டத்தைக் கண்டு வாளாவிருப்பதா?

"இப்போது விரல்நுனியில் மாட்டும் கருவி இருக்கிறதே" என்பார்கள். கருவி நல்லதுதான். ஆனால் அது காட்டுவது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் அளவை. மூச்சின் எண்ணிக்கையை அன்று. அந்த அளவு குறையாதிருக்கவே உடல் மூச்சை விரைவுபடுத்திப் போராடுகிறது. போராட்டம் தெரியாமல் வெற்றி மட்டும் திரையில் தெரியும். மேலும், 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, மறைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவைக் கருவி தவறவிடுவது, வெள்ளை நோயாளிகளைவிடக் கருநிற நோயாளிகளிடம் ஏறத்தாழ மும்மடங்கு என்று காட்டிற்று. தோல் நீலமாகும் என்று வெளுத்த தோலைப் பார்த்து எழுதிய பாடமும் நம்மிடம் பாதிதான் பயன்படும். கறுத்த மேனியில் நாக்கையும், உதட்டின் உட்புறத்தையும், கீழிமையின் உட்புறத்தையும் பார்க்கவேண்டும்.

குற்றம் முழுவதையும் மாணவியர் தலையில் சுமத்த நமக்கு மனமில்லை. கட்டில்கள் பல, கைகள் சில. ஒவ்வொருவருக்கும் முழு நிமிடம் என்றால் மருந்து கொடுப்பது யார், புண் கட்டுவது யார்? உண்மைதான். ஆனால் நேரமில்லாதவருக்கு இன்னொரு வழி உண்டே! கட்டத்தை வெற்றாக விடலாம். வெற்றுக் கட்டம் "என்னை இன்னும் பார்க்கவில்லை" என்று கூவும். பொய் எண்ணோ பார்க்க வருபவரையும் திருப்பி அனுப்பிவிடும். வெற்றுக் கட்டத்துக்கு ஏச்சும், பொய் எண்ணுக்கு அமைதியும் பரிசாகக் கிடைக்கும் இடத்தில், பொய்யைக் கற்பித்தவர் யார்? மாணவியா, மேற்பார்வையாளரா? நம் பள்ளியிலும் மதிப்பெண் பட்டியல் நாளைக்குள் வந்தாகவேண்டும் என்றார்களே ஒழிய, படித்துத்தான் இட்டாயா என்று ஒருவரும் கேட்டதில்லை.

விடுமுறை முடிந்து திரும்பிய தங்கை, முதல் வாரத்திலேயே இரண்டு கட்டங்களை வெற்றாக விட்டாள். ஏன் என்று கேட்டார்கள். "எண்ணவில்லை, அதனால் எழுதவில்லை" என்றாள். பணி நேரம் முடிந்தபின் நின்று நிரப்பிவிட்டுப் போகச் சொன்னார்களாம். நின்றாள். ஒருவருக்கு 16. மற்றவருக்கு 24. இரண்டாமவரின் மணிக்கட்டை விடாமலே மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வருவதற்குள் மீண்டும் ஒரு முழு நிமிடம் எண்ணினாள்: 26.