அழகைக் காண்பதும் அடைவதும்

அழகிய பொருள் ஒன்றைக் கண்டதும் உள்ளத்தில் மகிழ்ச்சி எழுகிறது. அடுத்த கணமே, யாரும் அழைக்காமல், மற்றோர் எண்ணமும் வந்து நிற்கிறது: ‘இது என்னிடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!’ இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. ஆனால் அந்தச் சிறு இடைவெளியில்தான் ரசனை பற்றாக மாறுகிறது. இதை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஒரு சின்னஞ்சிறு செடியிடமிருந்து கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் டார்ஜிலிங் சென்றிருந்தபோது அங்குள்ள லாயிட் தாவரவியல் பூங்காவைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. 1878-ஆம் ஆண்டில் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கிளையாகத் தொடங்கப்பட்ட அப்பூங்கா, நிலம் வழங்கிய வில்லியம் லாயிட் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூடுபனி தவழும் அந்தச் சரிவில் பெரணிச் செடிகளைக் கண்டு மெய்ம்மறந்து நின்றேன். பெரணிக்குப் பூவில்லை, காயில்லை, விதையில்லை. கண்ணைக் கவரும் நிறமோ மணமோ அதற்குக் கிடையாது. பச்சை ஒன்றே அதன் செல்வம். இளங்கொழுந்துகள் குழந்தையின் மூடிய கைகளைப் போலச் சுருண்டிருந்தன. முதிர்ந்த இலைகள் சிறகுகளாய் விரிந்திருந்தன. இலையின் அடிப்புறத்தில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். அவற்றிலிருந்து உதிரும் தூள்தான் காற்றில் பறந்து, ஈரமான இடத்தில் விழுந்து, புதிய தலைமுறையைத் தொடங்குகிறது.

அங்கிருந்த முதிய தோட்டக்காரர் ஒருவர் என் வியப்பைக் கண்டு சிரித்தார். “இங்கு வருபவர்கள் இரண்டு கேள்விகள்தாம் கேட்கிறார்கள், பாபு. இதன் பெயர் என்ன? இது எங்கே விலைக்குக் கிடைக்கும்? இது எப்படி வாழ்கிறது என்று யாரும் கேட்பதில்லை” என்றார். நானும் தலையசைத்துச் சிரித்தேன். அன்று மாலையே, சாலையோரத் தடுப்புச் சுவரின் இடுக்கில் வளர்ந்திருந்த சிறு பெரணி ஒன்றை வேரோடு பிடுங்கி, ஈரக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்!

சமவெளியிலுள்ள என் வீட்டில் அதற்கொரு மண்தொட்டி கிடைத்தது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள் இலைநுனிகள் கருகின. மூன்றாவது வாரத்தில் தொட்டியில் மண் மட்டுமே மிஞ்சியது. தண்ணீரை என்னால் கொடுக்க முடிந்தது. மலையின் குளிரையும் மூடுபனியையும் கொடுக்க முடியவில்லை. விரும்பியதனால் அதை எடுத்து வந்தேன் என்றுதான் எண்ணியிருந்தேன். பிறகு யோசித்தபோது, நான் விரும்பியது அதை வைத்திருக்கும் என்னையே என்பது புரிந்தது.

பித்தாக மாறிய ரசனை

தனிமனிதனுக்கு நேரும் இந்த மயக்கம் ஒரு சமுதாயம் முழுவதற்கும் நேரலாம். லண்டனில் நதானியேல் வார்டு என்ற மருத்துவர் வாழ்ந்தார். பெரணிகள்மீது அவருக்கு அளவற்ற பிரியம். ஆனால் நகரின் நிலக்கரிப் புகையில் அவர் நட்ட பெரணிகள் எல்லாம் மடிந்தன. 1829-இல், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை மூடிய கண்ணாடிப் புட்டியில் ஈரமண்ணிட்டு வைத்திருந்தார். எதிர்பாராத விதமாக அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி, மீண்டும் துளியாகி மண்ணுக்கே திரும்புவதால் செடி வாழ்கிறது என்பதை அவர் உணர்ந்தார். 1833-இல் அவர் அமைத்த கண்ணாடிப் பெட்டிகளில் பெரணிகள் பல மாதக் கடற்பயணத்தைத் தாங்கி சிட்னிக்கு உயிரோடு சென்று சேர்ந்தன. சீனத் தேயிலைக் கன்றுகள் பின்னர் இமயமலைச் சாரலுக்கு வந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான்.

ஓர் அன்பரின் கண்டுபிடிப்பு அது. ஆயினும் அதன் விளைவு அன்போடு நிற்கவில்லை. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியும் அதனுள் அரிய பெரணியும் வைத்திருப்பது இங்கிலாந்தில் பெருமைக்குரிய அடையாளமாயிற்று. மக்கள் கூடைகளோடு காடுகளுக்குள் சென்று பெரணிகளைத் தோண்டி எடுத்தனர். 1855-இல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் இதற்குப் ‘பெரணிப் பித்து’ என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். ஒளி ஊடுருவும் மெல்லிய இலைகளையுடைய கில்லார்னிப் பெரணி, அது செழித்திருந்த பல இடங்களிலிருந்து மறைந்தது. அதை அழித்தவர்கள் அதை வெறுத்தவர்கள் அல்லர். அதன் அழகைப் போற்றியவர்கள். இன்று சட்டம் அதைப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் இத்தகைய முரண் உண்டு. ஆர்க்கிட் மலர்களை வளர்ப்பதற்காக மரப்பெரணியின் தண்டுகளை வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். மிக மெல்ல வளரும் ஓர் அழகு, மற்றோர் அழகுக்கு மேடையாவதற்காக வீழ்த்தப்படுகிறது. கண்காட்சியில் மலரைப் பார்த்து வியக்கும் நாம் அது நிற்கும் மேடையைப் பார்ப்பதில்லை.

வறுமையில் பிறந்த அழகு

மேகாலயத்தின் காசி, காரோ, ஜயந்தியா மலைகளில் வளரும் குடுவைச்செடியை எண்ணிப் பாருங்கள். அதன் இலைநுனி நீண்டு, மூடியோடு கூடிய குடுவையாக வடிவெடுக்கிறது. அதனுள் வழுக்கி விழும் பூச்சிகளைச் செடி செரித்துக்கொள்கிறது. காண்போர் இதை ஒரு விந்தையாகக் கருதுகிறார்கள். ஆனால் இது செடியின் விளையாட்டன்று. சத்துக் குறைந்த மண்ணில் கிடைக்காததைப் பெறுவதற்கு அது மேற்கொண்ட முயற்சியே அந்தக் குடுவை.

அன்பு மிகுந்து நாம் அதற்குத் தாராளமாக உரமிட்டால் என்ன ஆகும்? இலைகள் கொழுக்கும், குடுவைகள் குறைந்துவிடும். எதைக் கண்டு வியந்தோமோ அதையே நம் தாராளம் அழித்துவிடும். அன்பு என்றால் கொடுப்பது என்று எண்ணுகிறோம். சில வேளைகளில் ஒன்றை அதன் இயல்பிலேயே, அதன் குறையோடும், விட்டுவைப்பதுதான் அன்பு. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும், மாணவர்களைப் பயிற்றும் ஆசிரியர்களும் இந்தச் செடியின் முன் சற்று நின்று சிந்திக்கலாம்.

பூங்காக்கள் வேண்டாமா?

அப்படியானால் செடிகளைப் பூங்காவில் வைப்பதும் கண்காட்சியில் காட்டுவதும் தவறா? இக்கேள்வி நியாயமானது. காட்டுக்குச் செல்ல எல்லோராலும் இயலாது. கண்ணால் காணாத ஒன்றின்மீது பரிவு எழுவதும் அரிது. காட்டில் அழிந்துவரும் இனங்களைப் பெருக்கிக் காக்கும் பணியையும் தாவரவியல் பூங்காக்கள் செய்கின்றன. அந்த முதியவரின் பூங்கா இல்லாதிருந்தால் பெரணியை நான் நின்று பார்த்திருக்கவே மாட்டேன். எனவே குறை இடத்தில் இல்லை. பார்க்கும் மனத்தில் இருக்கிறது. நல்ல பூங்கா, நம் ஆசைக்குப் பொருளை அறிமுகம் செய்யும் கடையாக இருப்பதில்லை. அந்தப் பொருளின் வாழ்க்கையை நமக்கு அறிமுகம் செய்யும் பள்ளியாக இருக்கிறது. ஆனால் அப்பள்ளியில் நாம் மாணவராக நுழைகிறோமா, வாங்குபவராக நுழைகிறோமா என்பதை நாம்தாம் தீர்மானிக்க வேண்டும்.

அதற்கு அந்தத் தோட்டக்காரரின் மூன்றாவது கேள்வி வழிகாட்டுகிறது. பெயரைக் கேட்பது அறிவு. விலையைக் கேட்பது ஆசை. ‘இது எப்படி வாழ்கிறது?’ என்று கேட்பதே அன்பு. அந்தக் கேள்வியைக் கேட்டபின் ஒரு செடியை வளர்க்கலாம் என்று தோன்றினால், நம் ஊர் வெயிலுக்கு ஏற்றதாக, காட்டிலிருந்து பிடுங்காமல் நாற்றங்காலில் வளர்த்த ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். வளர்க்க இயலாது என்று தெரிந்தால் வணங்கி விலகுவோம். இரண்டுமே அன்பின் செயல்கள்தாம்.

இதைச் செடிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. நண்பரை, உறவினரை, நாம் மதிக்கும் பெரியோரைக்கூட நம் உடைமையாக்கிக்கொள்ளத் துடிக்கும் மனம் நமக்கு இருக்கிறது. அவர்கள் எதனால் வாழ்கிறார்கள், அவர்களுக்கு எது மூச்சு என்று கேட்கும்போது அந்தப் பிடி தானே தளர்கிறது.

டார்ஜிலிங் பெரணி மடிந்து பல மாதங்கள் கழிந்தபின், மழைக்காலத்தில் ஒருநாள், எங்கள் வீட்டுக் கிணற்றின் உட்சுவரைத் தற்செயலாகப் பார்த்தேன். ஈரம் கசியும் செங்கல் இடுக்கில் ஒரு பெரணி செழித்து நின்றது. அரிய வகை அன்று. பழைய சுவர்களில் தானே வளரும் சாதாரண இனம். எங்கிருந்தோ காற்று கொண்டுவந்த தூளிலிருந்து முளைத்தது. எத்தனை ஆண்டுகளாக அது அங்கே இருந்ததோ! அதை நான் நடவில்லை. இந்த முறை பிடுங்கவும் இல்லை. தண்ணீர் சேந்தும்போதெல்லாம் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன். அதுவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.