காட்சியா, உரையா: புவியியல் வகுப்பில் ஓர் அளவைக் கேள்வி

அறிவு வரும் வழிகளைச் சைவ சித்தாந்தம் அளவை என்கிறது. காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. கண்டு அறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லை ஏற்பது உரை. பூமி உருண்டை என்பதை யாழ்ப்பாணத்துப் பாடசாலை மாணவர் இவற்றுள் எதனால் அறிகிறார்? நேர்மையான விடை உரை என்பதுதான். கோயிலில் புராணபடனம் கேட்ட பழைய தலைமுறை, கந்தபுராணத்து அண்டகோசப் படலத்தின் ஏழு தீவுகளையும் ஏழு கடல்களையும் ஏற்றதும் இதே வழியில்தான்.

இவ்விரு உரைகளும் இந்த மண்ணில் மோதியிருக்கின்றன. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் புவியியலும் வானியலும் சமய வாதத்துக்கும் கருவிகளாயின. 1829 மார்ச் 20ஆம் திகதிச் சந்திரகிரகணம் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கமும் செமினரியின் மிஷனரி டானியல் பூவரும் வேறுவேறாகக் கணித்தனர். கிரகணம் பூவரின் கணிப்பை ஒட்டியே நிகழ்ந்தது. மாணவர் தம் கண்ணால் கண்டு தீர்ப்பளித்த அருமையான பாடம் அது. ஆனால் அதிலிருந்து சைவமே பொய் என்று மிஷனரிமார் முடிவு கட்டியது கருதலின் எல்லையை மீறிய செயல். பஞ்சாங்கக் கணிதத்தின் மூலமான சோதிட சித்தாந்தங்கள் பூமியை உருண்டை என்றே கொண்டவை. அன்று பிழைத்தது கணக்கு. காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாததை உணர்த்துவதே உரையாகிய ஆகமத்தின் பணி என்பது சித்தாந்தத்தின் நிலை. பூமியின் வடிவமோ அவ்விரண்டுக்கும் எட்டுவது; அதை அறிவதில் சைவத்துக்குத் தடையில்லை. சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் நூல்களுள் இலங்கைப் பூமிசாஸ்திரமும் ஒன்று என்பதை இங்கே நினைக்கலாம்.

இன்று வகுப்பறைத் திரையில் கூகுள் ஏர்த் சுழல்கிறது. அது காட்சி போலத் தோன்றினாலும் பெரும்பாலும் உரையே. வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்களை யாரோ இணைத்திருக்கிறார்கள். பெயர்களையும் எல்லைகளையும் யாரோ இட்டிருக்கிறார்கள். அதை விலக்க வேண்டியதில்லை, சோதிக்க வேண்டும். பாடசாலையைச் சுற்றியுள்ள கிணறு, குளம், கேணிகளை மாணவர் நடந்து சென்று பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் குறிக்கலாம். மாரி மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தை அளந்து கியூஜிஐஎஸ் மென்பொருளில் படமாக்கலாம். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கிறது. அங்குள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கண்ட நீர்மட்டத்திலிருந்து காணாத நன்னீரின் தடிப்பை மதிப்பிடும்போது கருதல் என்பது என்னவென்று பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

பூமி உருண்டையை அளக்க ஒரு மீற்றர் நீளக் கம்பு போதும். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் 15, ஓகஸ்ட் 28 அளவில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, பிற்பகல் 12.10 மணியளவில் நிறுத்திய கம்புக்கு நிழல் இராது. அன்றே தென்னிலங்கையின் மாத்தறையில் அதே அளவுக் கம்பின் நிழல் தெற்கே ஏறத்தாழ 6.5 சென்ரிமீற்றர் விழும். இரு பாடசாலைகளும் வீடியோ அழைப்பில் இணைந்து அளந்தால் கோண வேறுபாடு ஏறத்தாழ 3.7 பாகை என்று வரும். வடக்குத் தெற்காக இடைத்தூரம் சுமார் 410 கிலோமீற்றர். பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்த அதே கணக்கில் பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீற்றராகிறது. மாத்தறை சற்றுக் கிழக்கே இருப்பதால் அங்கே உச்சிப்பொழுது ஓரிரு நிமிடம் முந்தும்; ஒவ்வோரிடத்திலும் நிழல் மிகக் குறுகும் கணத்திலேயே அளக்க வேண்டும்.