நாக்குக்கா, முதுகுக்கா?

குடிக்காதவர்கள் இந்த வாரம் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம், நஷ்டமில்லை. தினம் குடிப்பவர்களும் போகலாம், அவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. இது மாசத்துக்கு ஒரு தடவை, யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால் 'சும்மா கம்பெனிக்கு' என்று உட்காருகிற உங்களுக்கும் எனக்குமான விஷயம்.

போன வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தோம். நண்பர் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். ஐலா என்கிற தீவின் சரக்கு. மொட்டை மாடி, நாலு பேர், ஒரு தட்டு வேர்க்கடலை. நண்பர் பாட்டிலோடு வந்த அட்டையை ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணை மூடி முகர்ந்து, "தேன்... ஆரஞ்சுத் தோல்..." என்றார். நாங்களும் முகர்ந்து "ஆமாம், ஆரஞ்சு" என்றோம். எனக்கு ஆரஞ்சும் தெரியவில்லை, தேனும் தெரியவில்லை. அன்றைக்குச் சொல்லத் தைரியமில்லை.

அதே மாடியில் தண்ணீர் டாங்க்கில் பிளம்பர் ஒருவர் வால்வு மாற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். வேலை முடிந்து கை கழுவியவரைக் கூப்பிட்டு நண்பர் ஒரு கிளாஸ் நீட்டினார். ஒரே மடக்கு. நண்பர் துடித்துப்போனார்.

"என்னங்க, 16 வருஷம் பீப்பாயில இருந்தது. இப்படிக் கவுத்துட்டீங்க?"

"நமக்கு நாக்குக்கு இல்ல சார். முதுகுக்கு" என்றார் அவர். அப்புறம் காலி கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், "ஆனா என்ன சார் வாசனை இது? ஆஸ்பத்திரில டிஞ்சர் போட்ட மாதிரி. ஈர விறகு பொகையற மாதிரி."

சிரித்தோம். மறுநாள் தேடிப் படித்துப் பார்த்தால் மனுஷன் சொன்னது அச்சு அசல். ஐலாவில் முளைகட்டின பார்லியை உலர்த்த 'பீட்' என்ற பாதி மக்கிய சதுப்பு நில மண்ணை எரிப்பது வழக்கம். அந்தப் புகையில் ஃபீனால் வகை ரசாயனங்கள் தானியத்தில் ஏறிவிடுகின்றன. பழைய ஆஸ்பத்திரிகளின் கிருமிநாசினி வாசனையும் அதே குடும்பம்தான். 'நாக்குக்கு இல்ல' என்றவருக்குத் தெரிந்தது, நாக்குக்காகவே உட்கார்ந்திருந்த நாலு பேருக்குத் தெரியவில்லை. அவர் அட்டையைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

நல்ல விஸ்கி எது என்று கேட்டால் நான் இப்போது முதலில் சொல்வது இதைத்தான்: அட்டையை அப்புறம் படியுங்கள். விலையையும் அப்புறம் கேளுங்கள். 2008-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பரிசோதனை நடந்தது. ஒரே ஒயினைப் பத்து டாலர் என்று சொல்லியும் கொடுத்தார்கள், தொண்ணூறு டாலர் என்று சொல்லியும் கொடுத்தார்கள். தொண்ணூறுதான் ருசி என்றார்கள் குடித்தவர்கள். பொய் சொல்லவில்லை. ஸ்கேனில் மூளையின் இன்பம் உணரும் பகுதியும் தொண்ணூறுக்குத்தான் அதிகம் விழித்துக்கொண்டது. பாதி ருசி பர்ஸில் இருக்கிறது.

வயசும் அப்படித்தான். ஸ்காட்ச்சுக்கு ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் என்பது சட்டம். ஆனால் 18 வருஷம் என்றால் 12-ஐ விட ஒன்றரை மடங்கு உசத்தி என்று கணக்குப் போடாதீர்கள். அங்கே குளிரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சதவிகிதம் ஆவியாகப் போகிறது. பெங்களூரில் பத்து சதவிகிதத்துக்கும் மேல். அங்கே 18 வருஷம் காத்திருந்தால் மிஞ்சுவது பீப்பாயின் அடியில் கொஞ்சம்தான். நாலைந்து வருஷத்திலேயே பக்குவமாகிவிடுகிற பெங்களூர் 'அம்ருத்'தை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் இறக்கினார்கள். திருநெல்வேலியில் அல்வா விற்கப்போன மாதிரி. விலைபோனது.

நிறத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஸ்காட்ச்சிலேயே கேரமல் கலர் சேர்க்க அனுமதி உண்டு. நம் ஊர் 'விஸ்கி' பலவற்றில் இருப்பது கரும்பாலைக் கழிவிலிருந்து எடுத்த ஸ்பிரிட். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க விடமாட்டார்கள். ஐஸ் வேண்டாம், வாசனையை மரத்துப்போக வைக்கும். சோடா, கோலா வேண்டவே வேண்டாம். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் போதும். புகை வாசனை தருகிற மூலக்கூறுகளைத் தண்ணீர் மேல்மட்டத்துக்குத் தள்ளுகிறது என்று 2017-ல் இரண்டு ஸ்வீடன் விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்கள். முப்பது மில்லி, ஒரு மணி நேரம்.

இதெல்லாம் தெரிந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. அங்கேதான் உறுத்தல் ஆரம்பம். டாஸ்மாக் வாசலில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்குப் பாதி காசு போட்டு ஒரு குவார்ட்டரைக் 'கட்டிங்' அடித்தால் அவர்களைக் குடிகாரர்கள் என்கிறோம். நான் மாடியில் உட்கார்ந்து முகர்ந்தால் ரசிகன். இரண்டு இடத்திலும் உள்ளே போவது எத்தனால்தான். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது, சிங்கிள் மால்ட்டுக்கு விலக்கு எதுவும் கொடுக்கவில்லை.

'வித்தியாசம் இருக்கிறதே, நான் நிதானமாகக் குடிக்கிறேன்' என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஓரளவு நிஜமும்கூட. ஆனால் அந்த நிதானம் எங்கிருந்து வந்தது? நாக்குக்குக் குடிக்க வேண்டுமானால் முதலில் முதுகு வலிக்காமல் இருக்க வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு யாருடைய செப்டிக் டாங்க்கிலும் இறங்க வேண்டியிராதபடி ஒரு உத்தியோகம் வேண்டும். அதை நான் என் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதுவும் நிரந்தரமில்லை. நாக்குக்கு ஆரம்பித்து முதுகுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பீப்பாய், பீட் என்று மணிக்கணக்காகப் பேசிய ஒருவர் கடைசியில் எதைக் குடிக்கிறோம் என்று பார்ப்பதை விட்டுவிட்டார். அவருக்குப் பால் ஊற்றப் போய்விட்டு வந்தேன். வீட்டில் காலி பாட்டில்களை ஷோகேஸில் வரிசையாக அழகாக வைத்திருந்தார்.

இரண்டு மாசம் கழித்து மோட்டார் பழுது. அதே பிளம்பர் வந்தார். வேலை முடித்துக் காசு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, "அந்த டிஞ்சர் இருக்கா சார்?" என்றார்.

இருந்தது. நண்பர் விட்டுப்போன பாட்டில், அரைக்கு மேலே.

"தீர்ந்துபோச்சுங்க" என்றேன்.

"பரவால்ல சார்" என்று சிரித்துவிட்டு டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவர் உடம்புக்கு நல்லது என்றுதான் சொன்னேன் என்று படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள்ளேயே எனக்கு நானே விளக்கிவிட்டேன். பாட்டில் உள்ளூர்ச் சரக்காக இருந்திருந்தால் அவர் உடம்பைப் பற்றி யோசித்திருப்பேனா? இன்னும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை. நீங்களானால் என்ன செய்திருப்பீர்கள்?

அன்றைக்கு ராத்திரி முப்பது மில்லி ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் விட்டு முகர்ந்தேன். டிஞ்சர்தான் வந்தது.