கோப்பையும் கூரையும்

1963ஆம் வருசம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். நேட்டால் ஓபன் கோல்ஃப் போட்டி முடிந்துவிட்டது. ஜெயித்தவர் சியூசங்கர் சியூகோலம். ஊர் அவரைக் கூப்பிட்டது 'பாப்வா' என்று. கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர். படிப்பு வாசனை இல்லாதவர். மழை பெய்கிறது. வெள்ளை ஆட்டக்காரர்கள் கிளப் கூரைக்குள்ளே. பாப்வா வெளியே. தோற்றவன் நனையாமல் உள்ளே இருக்க, ஜெயித்தவன் மழையில் நின்று கோப்பையை வாங்கினான். அந்தப் படத்தைத்தான் உலகப் பத்திரிகைகள் போட்டன.

அதே கூரைக்குள்ளே இந்திய வெயிட்டர்கள் தட்டு ஏந்தி நடமாடலாம். வேலைக்காரனாக நுழையலாம், ஜெயித்தவனாக நுழையக்கூடாது. இது நமக்குப் புரியாத சூத்திரமா என்ன? நாம் உழுது அறுத்துத் தூக்கிக்கொண்டு போன நெல் அவன் வீட்டு நடுக்கூடம் வரை போகும். நாம் திண்ணையோடு நிற்போம்.

பாப்வா ஒரு கேடி. சிரிக்காதீர்கள். நம்ம ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் புத்தகத்தில் பேர் ஏறினவன். கோல்ஃப் மைதானத்தில் கேடி என்றால் துரையின் மட்டை மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறவன். இரண்டு பேரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். மூட்டை தூக்கித் தூக்கியே ஆட்டத்தைக் கண்ணால் படித்தவர் பாப்வா. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் மட்டையைப் பிடிப்பதே தலைகீழ். வலது கை கீழே இருக்கவேண்டிய இடத்தில் இவருக்கு இடது கை. பாடப்புத்தகப்படி தப்பு. அந்தத் தப்பான பிடியோடுதான் ஐரோப்பா போய் 1959, 1960, 1964 என்று மூன்று தடவை டச்சு ஓபனை ஜெயித்தார். முதல் தடவை கூட்டிக்கொண்டு போனவர் கிரஹாம் வுல்ஃப், 'ஆயில் ஆஃப் ஓலே' முகப்பூச்சைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரர். நல்ல மனுசன்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தன் திறமை வெளியே தெரிய ஒரு நல்ல எசமான் வாய்க்கவேண்டியிருக்கிறதே, அந்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது? எசமான் வாய்க்காத எத்தனை பாப்வாக்கள் மூட்டையோடேயே கிழவர்களாகிப் போனார்கள்?

இந்த ஆட்டத்தில் ஒரு விசேசம் இருக்கிறது. ஒவ்வொருத்தன் பின்னாலும் நடுவர் எண்ணிக்கொண்டு வரமாட்டார். கூட ஆடுகிறவன்தான் உன் அடிகளை அட்டையில் குறிப்பான். கடைசியில் அவன் கையெழுத்துப் போடுவான், நீயும் போடுவாய். பாப்வாவைச் சுற்றி ஆடியவர்கள் வெள்ளையர்கள். அவர் அடித்ததை ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். பொய்க் கணக்கு எழுதவில்லை. எண்ணிக்கையில் நேர்மை. அந்த நேர்மை வாசற்படியோடு நின்றுவிட்டது.

மண்டல் சமயத்தில் 'தகுதி, திறமை' என்று தெருவுக்கு வந்தவர்களிடம் நாம் என்ன பதில் சொன்னோம்? எங்களுக்கும் திறமை இருக்கிறது, வாய்ப்புக் கொடு, காட்டுகிறோம் என்றோம். சரி, காட்டியாகிவிட்டது. 1965இல் கேரி பிளேயரையே முந்தி மறுபடியும் நேட்டால் ஓபனை வாங்கினார் பாப்வா. பிளேயர் அப்போது உலகப் பெரும்புள்ளி. நிறவெறியை ஆதரித்து எழுதியும் வந்தவர், பிற்பாடு அதைக் கைவிட்டார். திறமை நிரூபணமானதும் கதவு திறந்ததா? வெள்ளையர் போட்டிகளில் பாப்வா ஆடத் தடை வந்தது. பாஸ்போர்ட்டையும் பிடுங்கினார்கள். தோற்றுக்கொண்டே இருந்திருந்தால் ஒருவேளை விட்டுவைத்திருப்பார்கள். அவன் திறமையை அவர்கள் சந்தேகப்படவே இல்லை. தெரிந்துதான் அடைத்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒருத்தர் உண்டு. பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் பிட்ச் உருட்டிக்கொண்டிருந்த பல்வங்கர் பாலு, சமார் சாதி. இந்துக்கள் அணிக்குப் பந்து வீச அவர் கை தேவைப்பட்டது. தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே தூக்கியெறியும் மண்குவளை. அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள், குவளையைத்தான் தொடவில்லை. 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். கேப்டன் பதவியை மட்டும் கொடுக்கவில்லை.

இப்போது என்னை உறுத்துகிற கேள்விக்கு வருகிறேன். பாப்வா அந்தக் கோப்பையை வாங்கியிருக்கலாமா? இதைப் பற்றிப் பேசியபோது ஒரு தோழர் பட்டென்று சொன்னார்: "நானா இருந்தா மூஞ்சிலயே விட்டெறிஞ்சிருப்பேன்." சொல்லலாம். மழை நம் மேல் பெய்யவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், எழுந்து வெளியே வந்து அவரோடு நனைந்திருக்கலாமே என்று ஏன் முதலில் கேட்கத் தோன்றவில்லை? அவமானப்பட்டவனுக்குத்தான் எப்போதும் ஒழுக்கப் பரீட்சை. அவமானப்படுத்தினவன் சட்டம் இருக்கிறது, நான் என்ன செய்ய என்று டீ குடித்துக்கொண்டிருப்பான்.

அப்படியானால் வாங்கியது சரியா? 'சரி' என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வாங்கினால்தான் அது ஜெயித்தது என்று பதிவாகும். வாங்காவிட்டால் இரண்டாவது வந்தவன் பேரை எழுதிக்கொள்வார்கள். ஆனால் வாங்கும்போது அந்த வாசலுக்கும் சேர்த்துத்தான் தலையாட்டுகிறோம். இரண்டும் உண்மை. இன்றைக்கு விருது மேடைகளில் ஏறும் நம் எழுத்தாளர்கள் இதை யோசித்துத்தான் ஏறுகிறார்களா, தெரியவில்லை.

நான் எட்டாவதில் முதல் மார்க். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் பரிசு தருகிறார் என்று அப்பா கூட்டிப்போனார். ஆங்கில அகராதி, கெட்டி அட்டை. அதைத் திண்ணைத் தரையில் வைத்துவிட்டு, "எடுத்துக்கடா, நல்லாப் படி" என்றார். குரலில் அன்புதான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார். குனிந்து எடுத்துக்கொண்டேன். வழியில் அப்பா ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்: "புஸ்தகம் என்னடா பண்ணும் பாவம்."

பாப்வா 1978இல் செத்துப்போனார், ஐம்பது வயசுவாக்கில், ஏழையாக. டர்பனில் ஒரு மைதானத்துக்குப் பிறகு அவர் பேரை வைத்தார்கள். இந்தியாவிலும் கேடிகள் ஜெயிக்கத் தொடங்கினார்கள். டெல்லியில் மூட்டை தூக்கிய அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓபனை வாங்கினார். பெங்களூர் முனியப்பா 2009இல் வாங்கினார். இவர்களுக்கு எந்த வாசல் திறந்தது, எது திறக்கவில்லை என்பதை அவர்கள்தான் எழுதவேண்டும்.

என் அகராதி இன்னும் அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தப் பெரியவர் தன் கைப்பட என் பேரை எழுதியிருக்கிறார். இனிஷியலோடு, ஒரு எழுத்துகூடத் தப்பில்லாமல்.