திருத்தப்பட்ட பிறப்பு

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்கள் எல்லோரும் ஒரே பண்பாட்டுக்காரர்கள் என்று எங்கள் பக்கத்து மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். சான்றாகக் காட்டப்படுவது காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம் என்று சுற்றுவட்டாரமே திரண்டு, சாதி வேறுபாடில்லாமல் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குகிறது. உண்மைதான். ஆனால் ஒரே இடத்தில் கும்பிடுகிறவர்கள் ஒரே பண்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் ஆகிவிடுவார்களா?

அதே கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். பட்டவராயன் என்பது முத்துப்பட்டன், பிராமணன். இன்று அருந்ததியர் என்று சொல்லப்படும் சக்கிலியர் குலத்து அக்கா தங்கை பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பினான். பூணூலையும் குடுமியையும் எடுத்துவிட்டு, செருப்புத் தைத்து விற்றுவிட்டு வந்தால் பெண் தருகிறேன் என்றார் தகப்பன் வாலப்பகடை. பட்டன் அப்படியே செய்தான். பிறகு மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் தீப்பாய்ந்தார்கள்.

வில்லுப்பாட்டாக வழங்கிவந்த இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்தார். அதில் பின்னால் நுழைந்த ஒரு ஒட்டை அவர் அடையாளம் காட்டினார். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம்; காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம்.

இந்த ஒட்டு எதைத் தொடவில்லை என்று பாருங்கள். பட்டன் மாட்டுத்தோலைத் தொட்டதை நீக்கவில்லை. அது தியாகமாகப் பாடப்படுகிறது, செருப்பும் காணிக்கையாகிறது. ஆணின் செயலைப் பொறுத்துக்கொண்டார்கள்; பெண்களின் பிறப்பைத்தான் திருத்தினார்கள். ஒன்றாகப் பொங்கலிடலாம், ஒன்றாக வில்லுப்பாட்டுக் கேட்கலாம், பிள்ளை யார் வயிற்றில் பிறக்கும் என்ற இடம் வந்ததும் பொதுப் பண்பாடு நின்றுவிடுகிறது. (பெண் 'கொடுப்பது', 'எடுப்பது' என்று பேசும் மொழியிலேயே அவள் பண்டம்தான்.) 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் இளைஞர் காதலுக்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர் பெண்ணின் உடன்பிறந்தவர். பட்டவராயனைக் கும்பிடும் அதே மாவட்டம்தான்.

எல்லோரும் ஒன்றாகக் கரைந்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காரையாற்றுக் காணிக்காரர் தங்கள் வழக்கங்களோடு வாழ்வது அவர்கள் உரிமை. வேறாக இருப்பது வேறு, கீழாக வைக்கப்படுவது வேறு.

மணிமுத்தாறிலிருந்து மலையேறினால் மாஞ்சோலை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட காட்டில் தேயிலைத் தோட்டம் எழுந்தது. நெல்லையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த பல சாதி, பல மதத்துக் குடும்பங்கள் லயன் வீடுகளில் சுவரோடு சுவராக வாழ்ந்தன. இவர்களுக்காக, கூலி உயர்வு கேட்டும் கைதான தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு சிறு குழந்தை. இறந்தவர்கள் ஒரே சாதியினரும் அல்லர், ஒரே மதத்தினரும் அல்லர். தாமிரபரணியின் பொதுமையைப் பாடும் மேடைகளில் இந்த நாளை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2024-இல் தோட்டத்தை மூடும் வேலை தொடங்கியது. தலைமுறைகளாக மலையில் இருந்தவர்கள் கீழே இடம் தேட வேண்டியதாயிற்று. கீழே வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற பெண்ணிடம் முன்பணத்தைப் பேசுவதற்கு முன்னாலேயே கேட்பார்கள்: "நீங்க என்ன ஆளுங்க?"