நெஞ்சில் தட்டிக்கொண்ட பிறகு

கத்தோலிக்கத் திருப்பலி தொடங்கிச் சில நிமிடங்களுக்குள், இறைவார்த்தை எதுவும் வாசிக்கப்படுவதற்கு முன்பே, கூடியிருக்கும் எல்லோரும் தங்களைப் பாவிகள் என்று உரக்கச் சொல்கிறார்கள். அதைக் கடவுளிடம் மட்டும் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கும் சகோதர சகோதரிகளிடமும் சொல்கிறார்கள். எண்ணத்தால், சொல்லால், செயலால் செய்த பாவங்களோடு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். குற்றம் தன்னுடையதே என்று மும்முறை நெஞ்சில் தட்டிக்கொள்கிறார்கள். பிறகு மரியாவையும் வானதூதர்களையும் புனிதர்களையும், கடைசியாக உடன் நிற்பவர்களையும் தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்கிறார்கள். அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இவ்வளவு கனமான வார்த்தைகளை வாரந்தோறும் சொல்லிவிட்டு, எதையும் மாற்றாமல் வீடு திரும்புகிறவர் பொய் சொல்கிறாரா, பலவீனத்தால் தவறுகிறாரா, பழக்கத்தில் வாயசைக்கிறாரா?

பழக்கம் என்பது எளிதில் கிடைக்கும் பதில். நாக்கு தானாகச் சொல்கிறது, மனம் வீட்டில் விட்டுவந்த வேலையில் இருக்கிறது. இதை வைத்தே பொதுச் செபங்களை வெறும் சடங்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது அவசரமான கணிப்பு. வாய்விட்டுச் சொல்லும் செபத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்ற கேள்வியை 13-ஆம் நூற்றாண்டிலேயே தோமா அக்குவினாஸ் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். சொற்களைப் பிழையின்றிச் சொல்வதில் ஒருவர் கவனம் வைக்கலாம். அவற்றின் பொருளில் வைக்கலாம். செபம் யாரை நோக்கிச் செல்கிறதோ அந்தக் கடவுளில் வைக்கலாம். மூன்றாவதே முதன்மையானது, எழுத்தறியாதவருக்கும் அது கைகூடும் என்பது அவர் முடிவு. செபிக்கும் எண்ணத்தோடு தொடங்கியவரின் மனம் இடையில் தன்னையறியாமல் அலைந்தாலும் செபம் வீணாகிவிடாது என்றார். வேண்டுமென்றே அலையவிடுவதைத்தான் பாவம் என்றார்.

இந்தப் பெருந்தன்மை தேவையானது. திருவழிபாட்டுச் செபங்கள் தனியொருவரின் அன்றைய மனநிலையிலிருந்து எழுதப்பட்டவை அல்ல. மகனைப் பறிகொடுத்த தாய் அடுத்த ஞாயிறன்று வானவர் கீதத்தை மற்றவர்களோடு சேர்ந்து பாடும்போது, பொய் சொல்கிறாள் என்று யார் துணிந்து சொல்வார்? இன்று தன்னால் உணர முடியாத ஒன்றைத் தன் சபையின் குரலில் சேர்ந்து சொல்கிறாள். சபை அவளைத் தாங்கிக்கொள்கிறது. புகழ்ச்சியிலும் நன்றியிலும் வார்த்தை முன்னே போகலாம், மனம் தன் வேகத்தில் பின்னே வரலாம்.

பாவ அறிக்கைக்கு இந்தச் சலுகை பொருந்தாது. திருப்பலியின் பெரும்பாலான மன்றாட்டுகளில் ‘நாங்கள்’ பேசுகிறோம். இங்கே ‘நான்’ பேசுகிறேன். கேட்பவர்களில் என்னால் பாதிக்கப்பட்டவரும் இருக்கலாம். அவர் காதில் விழும்படி, குற்றம் என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன். இது உணர்ச்சியைச் சொல்லும் பேச்சு அல்ல. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதைப் போன்றது. கையெழுத்துப் போடும்போது மனம் எங்கே இருந்தது என்று கடன் கொடுத்தவர் கேட்கமாட்டார். எப்போது தருவாய் என்றுதான் கேட்பார்.

இந்தச் செபம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. இடைக்காலத்தில் குரு பீடத்தை நெருங்குமுன் தன் தகுதியின்மையைச் சொல்லிக்கொள்ளும் தனிச் செபமாக அது வளர்ந்தது. 1570-இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூலில், பீடத்தின் படிக்கட்டருகே குரு முதலில் அதை இலத்தீனில் சொல்வார். அடுத்துப் பூசைக்கு உதவும் பையன் சொல்வான். மக்கள் அதில் வாய் திறந்து பங்குகொள்வது பொதுவாக இல்லை. அந்தப் பட்டியலில் எண்ணமும் சொல்லும் செயலும் மட்டுமே இருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, ஆறாம் பவுலின் காலத்தில் 1970-இல் வெளியான திருப்பலி நூல் இரண்டு மாற்றங்களைச் செய்தது. செபத்தை மக்கள் எல்லோரின் வாயிலும், அவரவர் தாய்மொழியில் வைத்தது. செய்யாமல் விட்ட கடமையையும் பாவமாகப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டாவது மாற்றத்தின் கனம் இன்னும் நம் பங்குகளுக்குள் இறங்கவில்லை என்றே தோன்றுகிறது. நான் யாரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை, தீங்கு நினைக்கவும் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் நல்லவருக்குப் பழைய பட்டியலில் தப்பிக்க வழி இருந்தது. புதிய பட்டியலில் இல்லை. இது எழுபதுகளில் யாரோ புகுத்திய புதுமையும் அல்ல. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் இறுதித் தீர்ப்பில் இடப்பக்கம் நிறுத்தப்படுகிறவர்கள் கொன்றவர்களோ திருடியவர்களோ அல்லர். பசித்தவருக்கு உணவு தராதவர்கள், சிறையிலிருந்தவரைப் பார்க்கப் போகாதவர்கள். லூக்கா 16-இல் வரும் செல்வர் வாசலில் கிடந்த இலாசரைத் துன்புறுத்தியதாக எந்தக் குறிப்பும் இல்லை. அவர் விருந்துண்டார், அவ்வளவுதான்.

இந்த அறிக்கை தமிழ்நாட்டின் பங்குகளில் ஒலிக்கும்போது, செய்யாமல் விட்ட கடமை எது என்று யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பூசை காணும்படி, பீடத்தில் மட்டும் சேரும் இரண்டு கிளைகளாகக் கோவில் எழுப்பப்பட்டது. 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் பிரித்துவைத்த தடுப்பு அகற்றப்பட்டது. வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் அவர்கள் கேட்ட தனி இடம் கிடைக்கவில்லை. அன்று பீடத்தடியில் குரு இலத்தீனில் நெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் இரண்டு கிளைகளிலும் மக்கள் மண்டியிட்டிருந்தார்கள்.

கோவிலுக்குள் இருந்த சுவர்கள் பெரும்பாலும் போய்விட்டன. கல்லறைத் தோட்டத்தில் இருப்பவை பல இடங்களில் போகவில்லை. தலித் மக்களுக்குத் தனிக் கல்லறை, அவர்கள் தெருவுக்குள் வராத சப்பரம், அவர்களிடம் திருவிழா வரி வாங்க மறுத்து அதன் வழியே விழாவில் உரிமையையும் மறுப்பது ஆகியவை பங்கு மக்களுக்குத் தெரிந்த செய்திகள். 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்கிடையே நிலவும் சாதிப் பாகுபாடு நற்செய்திப் பணிக்கே பெரும் தடை என்று இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாகச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றலாக்கத்துக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. அதில் திருச்சபைக்குள் தீண்டாமை தொடர்வதை மறைக்கவில்லை. அறியாமல் விட்டோம் என்று சொல்லும் நிலையில் இன்று யாரும் இல்லை. நன்மை எது என்று தெரிந்தும் அதைச் செய்யாதவர் பாவம் செய்கிறார் என்பது யாக்கோபின் திருமுகத்தில் உள்ள போதனை.

பொது அறிக்கை தனக்குள் ஓர் அபாயத்தையும் கொண்டிருக்கிறது. எல்லோரும் ஒரே வார்த்தைகளைச் சொல்வதால், எல்லோரும் ஒரே அளவில் குற்றவாளிகள் என்று தோன்றிவிடும். கல்லறைக்கு இடம் மறுத்தவரும் நெஞ்சில் தட்டிக்கொள்கிறார். மறுக்கப்பட்டவரும் அடுத்த வரிசையில் நின்று அதே அளவு தட்டிக்கொள்கிறார். பிறகு மறுத்தவர் மறுக்கப்பட்டவரிடமே தனக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்கிறார். மனிதர் எல்லோரும் பாவிகள்தாமே என்ற உண்மை, இந்த மனிதர் இந்த அநீதியைச் செய்தார் என்ற உண்மையை மூடும் போர்வையாகிவிடுகிறது. அநீதி இழைத்தவர்களுக்குப் பிடித்தமான வாக்கியம் இதைவிட வேறில்லை.

ஆனால் இது செபத்தின் குறை அல்ல, அதைப் பயன்படுத்தும் விதத்தின் குறை என்றே சொல்ல வேண்டும். அந்தச் செபம் நம் எல்லோரின் பாவத்தைப் பேசவே இல்லை. அது ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசவைக்கிறது. குற்றத்தை ஊர் மீதும் வழக்கத்தின் மீதும் முன்னோர் மீதும் போடாமல் தன் மீது போட்டுக்கொள்ளச் சொல்கிறது. மறுக்கப்பட்டவர் தன் வாழ்வின் பாவங்களைச் சொல்கிறார்; தனக்கு இழைக்கப்பட்ட அநீதியில் தனக்குப் பங்கு உண்டு என்று சொல்லவில்லை. தன்னைத் தள்ளிவைத்தவருக்காக வேண்டிக்கொள்ள அவர் ஒப்புக்கொள்கிறார் என்றால், அது அந்த ஆலயத்தில் நடக்கும் மிகப் பெரிய தருமம். அதைப் பெற்றுக்கொண்டவர் மேல் விழும் பொறுப்பு சிறியதல்ல.

அறிக்கை சொல்லியாயிற்று, மன்னிப்பும் கிடைத்தாயிற்று என்று நினைக்கவும் வழியில்லை. அறிக்கையின் முடிவில் குரு இறைவனின் இரக்கத்தை வேண்டிச் சொல்லும் வார்த்தைகளுக்கு ஒப்புரவு அருட்சாதனத்தின் ஆற்றல் இல்லை என்று திருப்பலி நூலின் பொது விதிமுறையே தெளிவாகச் சொல்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைப் பெயர் சொல்லி வெளியிட வேண்டும், குருவிடம் பரிகாரம் பெற வேண்டும், திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சீர்செய்ய முயல வேண்டும். ஞாயிறு அறிக்கை அந்த வேலையின் வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது. உள்ளே போவது நம் கையில் இருக்கிறது.

தொடக்கத் திருச்சபை இதில் இன்னும் கண்டிப்பாக இருந்தது. திருத்தூதர்களின் காலத்தை ஒட்டி எழுந்த டிடாக்கே என்னும் நூல், ஆண்டவரின் நாளில் கூடி அப்பம் பிட்குமுன் பாவங்களை அறிக்கையிடச் சொல்கிறது. அடுத்தவரோடு பகை உள்ளவர் சமாதானமாகும்வரை கூட்டத்தில் சேர வேண்டாம் என்றும் சொல்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரரோடு ஒப்புரவாகு என்ற இயேசுவின் போதனையை அவர்கள் சொன்னபடியே கடைப்பிடித்தார்கள். கொரிந்து நகரில் வசதி படைத்தவர்கள் ஏழைகளுக்குக் காத்திராமல் முதலில் உண்டபோது, நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்ற பொருளில் பவுல் எழுதினார். 390-இல் தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவிக்க ஆணையிட்ட பேரரசர் தியோடோசியுவை, அவர் வெளிப்படையாகத் தவம் செய்யும்வரை மிலான் ஆயர் அம்புரோசு நற்கருணைக்கு அனுமதிக்கவில்லை. பேரரசர் ஆயருக்குப் பணிந்தார்.

அந்தக் கண்டிப்பை இன்று அப்படியே கொண்டுவர வேண்டுமா என்பது கடினமான கேள்வி. பிளவுபட்ட ஊரில் யாருக்கும் நற்கருணை இல்லை என்று அறிவித்தால் அநீதி இழைத்தவரோடு இழைக்கப்பட்டவரும் பட்டினி கிடப்பார். சிலருக்கு மட்டும் மறுத்தால், மனச்சாட்சியைத் தீர்ப்பிடும் அதிகாரம் குருவின் கையில் அளவுக்கு மீறிப் போகும்; அந்தக் குருவுக்கும் சாதி உண்டு. ஆகவே ஆலயத்தைப் பூட்டுவது முதல் வழி ஆகாது. ஆனால் ஒப்புரவுக்கு எந்த முயற்சியும் இல்லாத ஊரில் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றும் நடவாததுபோல் திருப்பலி நடத்துவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை இப்போது தலித் மக்கள் மட்டுமே கொடுத்து வருகிறார்கள்.

2000 மார்ச் 12 அன்று உரோமையின் புனித பேதுரு பேராலயத்தில் இரண்டாம் யோவான் பவுல் திருச்சபைப் பிள்ளைகளின் பாவங்களை ஏழு மன்றாட்டுகளில் அறிக்கையிட்டார். உண்மையைக் காப்பதாகச் சொல்லி வன்முறையைக் கையாண்டது, யூத மக்களுக்கு எதிராகச் செய்த குற்றங்கள், பெண்களின் மாண்பைக் குலைத்தது எல்லாம் அதில் இருந்தன. போதவில்லை என்றவர்கள் இருந்தார்கள், மிகையானது என்றவர்களும் இருந்தார்கள். அந்த வழிபாடு ஒன்றை நிலைநாட்டியது: பாவத்துக்குப் பெயர் சொல்லி, பாதிக்கப்பட்டவர் யார் என்றும் சொல்லித் திருவழிபாட்டுக்குள்ளேயே அறிக்கையிட முடியும். உரோமையில் செய்ய முடிந்ததை ஒரு பங்கில் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். திருச்சபை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரித்து அரசிடம் நீதி கேட்கிறது. கேட்பது நியாயமான கோரிக்கை, தொடர்ந்து கேட்க வேண்டியதும்கூட. தில்லியிடம் கேட்கும் நீதியைக் கல்லறைத் தோட்டத்தில் தர மறுக்கும் ஒரு பங்கு, அந்தக் கோரிக்கைக்குத் தானே எதிர்ச்சாட்சியாகிவிடுகிறது.

பாவ அறிக்கைக்கு முன் ஒரு சிறு மௌனம் இருக்க வேண்டும் என்பது வழிபாட்டு விதி. பல ஆலயங்களில் குரு அடுத்த வரியை எடுக்கும் மூச்சளவே அது நீள்கிறது. அந்த மௌனத்தை நீளமாக்குங்கள். செய்யாமல் விட்ட ஒன்றை ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நினைக்கும் அளவுக்காவது நீளமாக்குங்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள் வரும். குரு தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பார். இரண்டு கல்லறைத் தோட்டங்கள் உள்ள பங்குகளில், அந்த நாளுக்கு முன் பங்குப் பேரவையைக் கூட்டி, இனி இறப்பவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவரானாலும் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்படுவார் என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள்.