தபித்தாவுக்கு அளவு தெரியும்

பாஸ்கா காலம் மூன்றாம் வாரம், சனிக்கிழமை
திருத்தூதர் பணிகள் 9:31-42, யோவான் 6:60-69



இன்றைய முதல் வாசகம் நம்மை ஒரு சாவு வீட்டுக்கு அழைத்துப் போகிறது. யோப்பா ஊரில் தபித்தா இறந்துவிட்டார். உடலைக் குளிப்பாட்டி மாடி அறையில் கிடத்தியிருக்கிறார்கள். லித்தாவில் இருக்கும் பேதுருவைக் கூட்டிவர இரண்டு பேர் ஓடுகிறார்கள். அவர் வந்து மாடியேறியதும் ஊர்க் கைம்பெண்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். நம் பெண்களாக இருந்தால் ஒப்பாரி வைத்திருப்பார்கள். இறந்தவரின் குணத்தைச் சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள். யோப்பாப் பெண்கள் அழுதுகொண்டே உடைகளைக் காட்டுகிறார்கள். தபித்தா உயிரோடு இருந்தபோது தங்களுக்குச் செய்துகொடுத்த அங்கிகள், மேலாடைகள். அவற்றை அவர்கள் உடுத்தியபடியே காட்டினார்கள் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

லூக்கா தபித்தாவின் ஒரு பேச்சைக்கூட எழுதி வைக்கவில்லை. உடம்புக்குப் பொருந்திய உடைகளே அவருக்குச் சாட்சி.

நம் பங்கில் பின்னல் வேலை செய்யும் அம்மாக்களை நினைத்துத்தான் இன்று இதைப் பேசுகிறேன். ஈப்போ வெயிலில் உல்லன் நூல் எதற்கு என்று ஆண்கள் கேலி செய்வது என் காதுக்கும் வருகிறது. தாப்பாவிலிருந்து மலையேறி கேமரன் ஹைலண்ட்ஸ் போய்ப் பாருங்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் நம் சனங்கள் குல்லா இல்லாமல் விடியலில் வெளியே வரமாட்டார்கள். அதை விடுங்கள். பின்னல் நம் பெண்களுக்குப் புதிதல்ல. ஈப்போவில் 1907இல் குழந்தை இயேசு சபைக் கன்னியர் தொடங்கிய கான்வென்டில் ஊசி வேலை படித்த பிள்ளைகள் இருந்தார்கள். ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் பள்ளியில் படித்ததைவிட ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் கற்றதுதான் அதிகம். விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கு, பிறகு பால் வெட்டு, பால் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினால் மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம் கை ஓயும். அந்த நேரத்தில் குரோஷே ஊசியை எடுப்பார்கள். ரேடியோவுக்கு ஒரு விரிப்பு, சாமி படத்துக்கு அடியில் ஒரு விரிப்பு. தோட்டம் தந்த வீட்டில் தாங்களே உண்டாக்கிய பொருள் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

நம் அம்மாக்கள் கடந்த தவக்காலத்தில் குறைமாதக் குழந்தைகளுக்குக் குல்லா பின்னத் தொடங்கினார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைக்கு உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெம்பு கிடையாது. அதன் உடம்புக்குத் தலை பெரிது. சூடு தலைவழியே போய்விடும். ஒரு குல்லா உயிருக்கு உதவும் என்றதும் எல்லோரும் நூல் வாங்கினார்கள். ரோஜா நிறம், நீலம், உச்சியில் குஞ்சம், காதோரம் பொத்தான், ஓட்டை ஓட்டையாகப் பூவேலை. அழகில் குறை சொல்ல முடியாது. ஒரு தாதியிடம் காட்டினார்கள். அவர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காரணங்களைக் கேளுங்கள். பொத்தானும் குஞ்சமும் கழன்று வாய்க்குள் போகும். பூவேலையின் ஓட்டையில் பிஞ்சு விரல் மாட்டினால் நூல் இறுகி இரத்த ஓட்டம் நின்றுவிடும். அசல் கம்பளி என்றால் மருத்துவமனைச் சலவையின் கொதிநீரில் சுருங்கிக் கட்டையாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே அளவு. 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 26 சென்டிமீட்டர். நிறைமாதக் குழந்தைக்கு 34, 35. திரும்பி வந்த குல்லாக்கள் எல்லாம் நிறைமாதக் குழந்தைக்கு ஆகும் அளவில் இருந்தன. இத்தனைக்கும் எல்லோரும் சரியாக 60 கண்ணிதான் போட்டிருந்தார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பின்னத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும், ஆனால் பொறுமை இருக்காது. வேலையைத் தொடங்குமுன் அதே நூலில், அதே ஊசியில் சின்னதாக ஒரு சதுரம் பின்னிப் பார்க்க வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ண வேண்டும். 22 விழுந்தால் 60 கண்ணிக் குல்லாவின் சுற்றளவு 27 சென்டிமீட்டர். கை கொஞ்சம் தளர்ந்து 18 விழுந்தால் அதே 60 கண்ணி 33 சென்டிமீட்டர் ஆகிவிடும். புத்தகத்தில் உள்ள எண்ணிக்கை சரி, உழைப்பும் சரி, ஆனால் குல்லா வேறு குழந்தைக்கு. சதுரம் பின்னுவது வீண் வேலை என்று தோன்றும். அதில் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை, பாராட்டும் கிடையாது. அதனால்தான் எல்லோரும் அதைத் தாண்டிப் போகிறோம்.

சகோதரர்களே, நம் பிறரன்புப் பணியில் பெரும்பகுதி சதுரம் பின்னாமல் தொடங்கிய வேலை என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு ஹேம்பர் கட்டுகிறோம். அதில் என்ன வைக்கிறோம்? சீனி, கெட்டிப்பால், பிஸ்கட் டின், சர்பத் போத்தல். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் வயது வந்தவர்கள் பத்துப் பேரில் மூவருக்கு இனிப்பு நீர் இருந்தது. கால் விரல் எடுத்த பாட்டியின் மடியில் கெட்டிப்பாலை வைத்துப் படம் பிடித்துக்கொண்டு வருகிறோம். பாட்டியும் சிரித்தபடி வாங்கிக்கொள்கிறார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. அவர் வளர்ந்த தோட்டத்தில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். எந்த லயம், எந்த நிரை, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு படிப்பு என்று எல்லாவற்றையும் வேறு யாரோதான் தீர்மானித்தார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், நிலத்தை வீடமைப்புக்கு விற்றபோதும் அவரை யாரும் கேட்கவில்லை. கோவிலிலிருந்து போகிற நாமும் கேட்பதில்லை.

நல்ல மனம் இருந்தாலே போதாது என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இலண்டன் மிஷனைச் சேர்ந்தவர். நம் சபை அல்ல, ஆனாலும் அவர் செய்த நன்மையை வாய்நிறையச் சொல்ல வேண்டும். லேஸ் விற்ற காசில் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். அன்று நாகர்கோவில் இருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிந்தது என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஆனால் அந்த லேஸ் போனது வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைக்கும். பின்னிய பெண்களில் பலர் தோளில் சீலை போட்டால் சாதியின் பேரால் தெருவில் அடி விழும் காலம் அது. மிஷனரி அம்மாக்கள் அவர்களுக்காகத் தளர்வான குப்பாயம் ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்கள். மானத்தை மறைக்க அது போதும் என்று அவர்களுக்குப் பட்டது. அரசும் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது. பெண்களுக்கு அது போதவில்லை. மேல்சாதிப் பெண்கள் போடுகிற அதே தோள்சீலைதான் வேண்டும் என்று நின்றார்கள். அடியும் தீயும் கண்டு, 1859இல் அரசாணை வரும்வரை போராடினார்கள். அந்த ஆணையும் பாதி மனதோடு வந்ததுதான். அவர்களுக்கு வேண்டியிருந்தது மரியாதை. கையில் கிடைத்தது குப்பாயம்.

அருகில் இருந்து அளவு பார்த்துப் பின்னும் ஒருவரைப் பார்ப்போம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர ஓவியக்கூடத்தில் மைஸ்டர் பெர்ட்ராம் வரைந்த ஒரு பலிபீட ஓவியம் இருக்கிறது. ஏறக்குறைய 1400ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் அன்னை மரியா பின்னிக்கொண்டிருக்கிறார். கையில் நாலைந்து ஊசிகள், அவற்றில் வட்டமாக, தையலே இல்லாமல் ஒரு சிறு சட்டை உருவாகிறது. கழுத்துப் பகுதிக்கு வந்துவிட்டார். மேலிருந்து தையலின்றி நெய்யப்பட்ட அங்கி என்று யோவான் எழுதியது ஓவியர் மனதில் இருந்திருக்க வேண்டும். சிலுவையோடும் ஈட்டியோடும் வானதூதர்கள் வந்து நிற்கிறார்கள். அந்த ஓவியத்தில் என் கண் போவது வேறிடத்துக்கு. சட்டை யாருக்கோ அந்தக் குழந்தை தாயின் பக்கத்திலேயே தரையில் புத்தகத்தோடு இருக்கிறது. சந்தேகம் வந்தால் சட்டையைத் தோளில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தபித்தாவும் கைம்பெண்களோடு இருந்தவர் என்றே வாசகம் சொல்கிறது. அவர் கொடுத்த உடை பொருந்தியதற்கு அதுதான் காரணம்.

நம் ஆண்டவரே கேட்டவர். எரிகோ சாலையோரம் பர்த்திமேயு பார்வையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்தில் நிற்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். இருந்தும் இயேசு அவரைக் கூப்பிட்டு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கேட்ட பிறகுதான் பார்வை தருகிறார். இன்றைய நற்செய்தியிலும் சீடர் பலர் அவரை விட்டுப் போன பின், போய்விட நினைக்கிறீர்களா என்று பன்னிருவரையும் கேட்கிறார். கடவுளுக்கே கேட்க நேரம் இருக்கிறது.

திருப்பி வந்த குல்லாக்களை என்ன செய்வது என்று அம்மாக்கள் கேட்டார்கள். காது பிடிக்கிற குளிருள்ள மலையில் நிறைமாதப் பிள்ளைகள் இருக்கிறார்கள். குஞ்சத்தையும் பொத்தானையும் நீக்கிவிட்டு அவர்களுக்கு அனுப்பலாம். பூவேலை செய்தவற்றைப் பிரிக்க வேண்டியதுதான். பிரிக்கும்போது மனம் வலிக்கும். மூன்றாம் வரிசையில் கண்ட தவறை அங்கேயே பிரிக்காமல் அறுபதாம் வரிசைவரை ஓட்டியது நம் கௌரவம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறேன்: பாவத்தைவிட, இத்தனை வருடம் கழித்து எப்படிச் சொல்வது என்ற கூச்சம்தான் அவர்களை அதிகம் கட்டி வைத்திருக்கிறது. பிரித்த நூல் கொஞ்சம் சுருண்டிருக்கும். அலசிக் காயப்போட்டால் மறுபடி பின்னலாம்.

திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் பசியாற உட்காருவோம். அங்கே ஒரு தாள் இருக்கும். குல்லா பின்ன விரும்புகிறவர்கள் பெயர் எழுதுங்கள். ஆனால் நூல் வாங்க இன்று கடைக்குப் போக வேண்டாம். அடுத்த வாரம் அந்தத் தாதியே வந்து அளவுகளைச் சொல்வார், அதன்பின் வாங்கலாம். பின்னத் தெரியாதவர்கள், ஹேம்பர் கொடுக்கிற வீடுகளின் பட்டியலை எடுத்து ஆளுக்கு ஒரு வீடு பிரித்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு போங்கள், உட்காருங்கள், தேநீர் கொடுத்தால் குடியுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை, சொன்னபடியே, என்னிடம் வந்து சொல்லுங்கள். ஆமென்.